கீழே இறங்கிய முள்

செம்பியனுக்குக் கடை கிடையாது. பின்னால் தகரப் பெட்டி பொருத்திய ஒரு பைக் உண்டு. பெட்டிக்குள் ஸ்பேனர்கள், ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மீட்டர், உப்புத்தாள், பழைய துணி, ஒரு டப்பாவில் சோடா உப்பு. கார் கிளம்பாத வீடுகளுக்கு அவன் போவான். மயிலாப்பூர், அடையாறு, தி. நகர், எப்போதாவது கே.கே. நகர். வாசலிலோ மாடிக் குடியிருப்பின் தூண்களுக்கு நடுவிலோ நின்றபடி என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பான். அங்கேயே முடியுமென்றால் அங்கேயே சரிசெய்வான். முடியாதென்றால் எதை மாற்றச் சொல்ல வேண்டும், எதை மாற்ற விடக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பான். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறவர்களைப் பட்டறைக்காரர்களுக்குப் பிடிக்காது.

அவன் பார்க்கும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டான். சாவியை வாங்கி, டிரைவர் சீட்டில் உட்காருவான். ஹெட்லைட்டைப் போட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடிப்பான். சுவரில் வெளிச்சம் அப்படியே நின்றால் கோளாறு செல்ஃப் மோட்டார் பக்கம். மெல்ல மங்கினால் பேட்டரி. பட்டென்று அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப எரிந்தால் எங்கோ ஓர் இணைப்பில் பிடிமானம் இல்லை. இதைப் பார்த்த பிறகுதான் இறங்குவான். மீட்டரை எடுப்பது அதற்கும் பிறகு.

ஃபோனில் மட்டும் எதுவும் சொல்ல மாட்டான். எவ்வளவு அவசரமென்றாலும், எவ்வளவு தெரிந்தவர்களென்றாலும், "வந்து பாக்கறேன்" என்பதுதான் பதில். நாற்பத்தாறு வயதில் அவனுடைய வாடிக்கைக்காரர்கள் பாதியாகக் குறைந்ததற்கு அந்த ஒரு வாக்கியம் காரணம்.

மயிலாப்பூரில் ஜானு என்றொரு அம்மாள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து இரண்டு வருடம். அவருடைய கார் கீழே நிற்கிறது. ஒரு நாள் ஃபோன் செய்தார்.

"பேட்டரி மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல. மறுபடியும் உசிரில்ல. என்னவா இருக்கும், சொல்லுங்கோ."

"வந்து பாக்கறேம்மா."

போனான். சுவரில் வெளிச்சம் மெல்ல மங்கியது. மீட்டரை வைத்தான். சும்மா நிற்கும்போது எந்த வயரிலாவது மின்சாரம் கசிகிறதா என்று ஃப்யூஸ் ஃப்யூஸாகக் கழற்றிப் பார்த்தான். எதுவும் இல்லை.

"கடைசியா எப்பம்மா ஓட்டனீங்க?"

"ஓட்டறதே இல்லையே. ஆனா ஒரு நாள் தவறாம ஸ்டார்ட் பண்ணிண்டுதான் இருக்கேன். கார்த்தால காபி சாப்ட்டுட்டு கீழ வந்து ரெண்டு நிமிஷம். அவர் ஊருக்குப் போனா அப்படித்தான் பண்ணச் சொல்லுவார்."

"அதாம்மா கோளாறு."

ஜானு அவனைப் பார்த்தார்.

"ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணா பேட்டரிலேர்ந்து நெறைய போயிடும். ரெண்டு நிமிஷத்துல அது திரும்பி வராது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா நீங்களே காலி பண்ணியிருக்கீங்க. வாரத்துக்கு ஒரு நாள் பீச் ரோடு வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, போதும்."

"நேக்கு ஓட்டத் தெரியாது."

"அப்ப வயரக் கழட்டி வெச்சிடறேன்."

"கழட்டாதீங்கோ. கார்த்தால நான் பின்ன என்ன பண்றது?" என்றார்.

செம்பியன் மறுநாள் ஒரு சிறிய சார்ஜரைக் கொண்டுவந்து, தூணிலிருந்த ப்ளக்கிலிருந்து வயர் இழுத்துப் பேட்டரியோடு இணைத்துக் கொடுத்தான். சாயங்காலம் இதைச் சொருகுங்கள், காலையில் உருவிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றான்.

"இத ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே. வெயில்ல ரெண்டு நாள் அலைஞ்சிருக்க வேண்டாம்."

"ஃபோன்ல நீங்க பேட்டரின்னுதாம்மா சொன்னீங்க. காபி கதைய சொல்லலியே."

ஜானு சிரித்தார். செம்பியன் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

*

அடையாற்றுக் கரையில் இருந்தவரை அவனுக்கு ஃபோனில் பேச வேண்டிய தேவையே வந்ததில்லை. சைதாப்பேட்டைப் பக்கம், ஆற்றை ஒட்டிய குடிசைப் பகுதியில் பிறந்தவன். அங்கிருந்து எந்த வீட்டுக்கும் கால் மணி நேரம். காலை ஐந்தரைக்குக் கூப்பிட்டால் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்பான். பெருவெள்ளம் வந்த பிறகு அந்தப் பகுதியையே காலி செய்து பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் குடிவைத்தார்கள். செம்பியனுக்கு மூன்றாம் மாடி. அதே கட்டடத்தின் ஏழாம் மாடி அவனுடைய தங்கை செண்பகத்துக்கும் அவள் கணவன் வேலுவுக்கும்.

கால் மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமானது. ஆபீஸ் போகிறவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்களும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். "என்னன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். செம்பியனும் சொல்ல ஆரம்பித்தான். சத்தத்தைக் கேட்டால் போதும் அவனுக்கு. சில சமயம் சத்தத்தை அவர்கள் வாயால் செய்துகாட்டினாலே போதும். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. தரமணியில் ஓர் ஆபீஸ் வாசலில் நின்றுவிட்ட காரை, அடையாறில் இன்னொரு காருக்கடியில் படுத்துக்கொண்டே ஓட வைத்திருக்கிறான். அந்த நாட்களில் அவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

வேலு அப்போது சொந்தமாக ஒரு டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் நம்பர் பலகை போட்ட வெள்ளை வண்டி. பத்து வருடம் மற்றவர்கள் வண்டியை ஓட்டி, செண்பகத்தின் தாலிச் சரடு முதற்கொண்டு எல்லாவற்றையும் போட்டு வாங்கியது. மச்சான்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்துக்குக் கீழே அதைக் கழுவுவார்கள். "என் அண்ணனையும் உன்னையும் அந்த வண்டிக்கே கட்டி வெச்சிருக்கலாம்" என்று செண்பகம் ஏழாம் மாடியிலிருந்து கத்துவாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். மதியம் இரண்டு மணி. செம்பியன் அடையாறில் ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"மச்சான், ஹீட்டு முள்ளு ஏறிடுச்சு," என்றான் வேலு. சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டு தரமணி நோக்கி வந்துகொண்டிருந்தான். "சேப்பு வரைக்கும் போயிடுச்சு."

"ஓரங்கட்டு."

"கட்டிட்டேன். ஆனா இப்ப எறங்கிடுச்சு. சுத்தமா கீழ வந்துடுச்சு."

"எறங்கிடுச்சில்ல? அப்பால இன்னா. ஓட்டிகினு வா, சாயங்காலம் பாக்கலாம்."

அவ்வளவுதான் பேசினார்கள். தரமணி ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒரு முறை உலுக்கிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு ஓடவில்லை.

செம்பியன் போய் பானெட்டைத் திறந்தபோது எரிந்த வாடை வந்தது. ரேடியேட்டரின் அடி ஹோஸ் பிளந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முள்ளுக்குச் சூட்டைச் சொல்வது தண்ணீருக்குள் முங்கியிருக்கும் ஒரு சிறிய சென்சார். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. முள் கீழே இறங்கிவிடும், இன்ஜின் குளிர்ந்துவிட்டதுபோல. ஏறிய முள்ளைவிடச் சட்டென்று இறங்கிய முள்தான் ஆபத்து. இது செம்பியனுக்குத் தெரியாததல்ல. இருபது வருடமாகத் தெரியும். தண்ணீர் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேலு இறங்கிப் பார்த்திருப்பான். அவன் கேட்கவில்லை. அவனுடைய கவனம் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிவப்பு வயரில் இருந்தது.

வேலு சண்டை போடவில்லை. சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரே ஒரு தடவை, "நீ சொன்னே," என்றான். செம்பியன் தலையை ஆட்டினான். பதிலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பிறகு நாள் போகப் போக அது இன்னும் கஷ்டமானது.

இன்ஜினை மீட்க முடியவில்லை. பாக்கிக் கடனுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். வேலு தரமணியில் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் வாட்ச்மேனானான். நான்கு வருடம், மற்றவர்களின் கார்களுக்குக் கை காட்டிப் பின்னால் வரச் சொல்லிக்கொண்டிருந்தான். மச்சான்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செண்பகம் பலகாரத் தட்டை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவருவாள், ஜோதிலட்சுமி, செம்பியனின் மனைவி, வேறு தட்டை ஏழாம் மாடிக்கு அனுப்புவாள். லிஃப்டில் இருவரும் ஒன்றாக ஏறிவிட்டால் இரண்டு மூலைகளில் நிற்பார்கள். "ஒரு லிஃப்ட்டுல ரெண்டு பொணம் போவுது பாரு" என்று ஒரு நாள் செண்பகம் இருவர் காதிலும் விழும்படி சொன்னாள்.

செம்பியன் ஃபோனில் கோளாறு சொல்வதை அன்றோடு நிறுத்தினான்.

*

இந்த வருடம் ஆகஸ்டில் வேலுவுக்கு டிரைவர் வேலை கிடைத்தது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். வீட்டின் பெரியம்மாள் ஸ்வர்ணலதாவுக்கு எழுபது வயது. சர்க்கரையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு மெஷின். அவருக்கென்று அந்தக் காரின் முன் சீட்டை மாற்றியிருந்தார்கள். பட்டனை அழுத்தினால் சீட் கதவுக்கு வெளியே திரும்பி இறங்கும். வீல்சேரிலிருந்து அவரே நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். போன வருடம் இரண்டு பேர் தூக்கி வேறொரு காரில் ஏற்றியபோது கீழே விழுந்துவிட்டார். அதிலிருந்து யாரையும் தூக்க விடுவதில்லை. இந்தக் காரைத் தவிர வேறெதிலும் ஏறுவதில்லை.

வேலு நான்கு வருடத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வேலைக்குச் சேர்த்த அன்று ஸ்வர்ணலதாவின் மகன் ஹரி ஒன்றுதான் சொன்னானாம். "ஒரு நாள்கூட வண்டி நிக்கக் கூடாது. நின்னா டிரைவர மாத்திருவேன்." இதைச் செண்பகம் ஜோதிலட்சுமியிடம் சொல்லி, அவள் செம்பியனிடம் சொன்னாள்.

நவம்பர் முதல் வாரம். காலை ஐந்து மணி தாண்டி ஐந்து நிமிடம். வெளியே மழை. செம்பியனின் ஃபோன் அடித்தது. வேலுவின் பெயர். செண்பகத்துக்கு என்னவோ என்றுதான் முதலில் நினைத்தான்.

"எடு. அது கடிக்காது," என்றாள் ஜோதிலட்சுமி.

எடுத்தான்.

"வண்டி எடுக்கல," என்றான் வேலு.

நான்கு வருடத்தில் அவன் பேசிய முதல் வார்த்தைகள்.

"எங்க கீறே?"

"மொதலாளியம்மா வூட்டுல. கேட்டுக்குள்ள. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும்."

"இன்னா பண்ணுது?"

"சாவி திருப்புனா டக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான்."

செம்பியனின் நாக்குக்குப் பதில் வந்துவிட்டது. மழைக்காலம், விடியற்காலை, டக்கென்று ஒரு சத்தம். நூறில் எண்பது பேட்டரிதான். அவன் வாயை மூடிக்கொண்டான். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தான். பைக்கை எடுத்தால் மழையில் தி. நகர் போய்ச் சேர ஆறரை ஆகும்.

"வேலு, நான் வந்து..."

"வந்து பாக்கறேன்னு சொல்வே. தெரியும். நீ வர்றதுக்குள்ள மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. சின்னவரு ஷோரூமுக்கு ஃபோன் போட்டுகினு கீறாரு. அவங்க ஒம்போதுக்குத்தான் வருவாங்களாம். தள்ளி எடுக்கவும் முடியாது, கியரு தானா மாத்தற வண்டி. அம்மா வாசல்ல வந்து உக்காந்துனு கீறாங்க."

"பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத," என்றான் வேலு. "கேளு."

செம்பியன் எழுந்து வராந்தாவுக்கு வந்தான். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்ப உள்ளே போய், சமையலறையில் நின்று கதவைச் சாத்திக்கொண்டான்.

"எதிர்ல சொவுரு கீதா?"

"கீது."

"ஹெட்லைட்டப் போடு. சொவுத்தப் பாத்துகினே சாவி திருப்பு."

டக் என்ற சத்தம் ஃபோனில் கேட்டது.

"அணைஞ்சிடுச்சு. சாவிய உட்டா எரியுது."

"மங்கி அணைஞ்சுதா, பட்டுனு அணைஞ்சுதா?"

"பட்டுனு."

"இன்னொரு வாட்டி பாரு."

"பாத்தேன்னு சொல்றேன்ல."

"பாரு."

மறுபடியும் அந்தச் சத்தம். "பட்டுனுதான்," என்றான் வேலு.

"சரி. பானெட்டத் தொற. நீ பேட்டரிகிட்ட நில்லு. சின்னவர உக்காரச் சொல்லி, சாவியத் திருப்பி அஞ்சு எண்ற வரைக்கும் புடிக்கச் சொல்லு. அவரு உட்டதுக்கு அப்பால, வயரு வந்து பேட்டரியக் கவ்வுது இல்ல, அந்த ரெண்டு கிளாம்ப்பையும் ஒண்ணொண்ணா தொட்டுப் பாரு."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. மோதிரம் போட்டிருந்தா கழட்டிடு."

ஹரியின் குரல் தூரத்தில் கேட்டது. "யாருங்க லைன்ல? ஷோரூம்காரன் வர்றேன்னுட்டான். நீங்க எதையும் கழட்டி வைக்காதீங்க." வேலு ஏதோ சொன்னான். கார்க் கதவு சாத்தப்பட்டது. ஒன்று, இரண்டு என்று ஹரி எண்ணினான்.

"கறுப்பு ஜில்லுனு கீது," என்றான் வேலு. பிறகு, "சேப்பு சுடுது. கை வெக்க முடியல."

செம்பியன் மேடையில் கையை ஊன்றிக்கொண்டான். பேட்டரி இறங்கியிருந்தால் கிளாம்ப் இப்படிச் சுடாது. மின்சாரம் வருகிறது, அந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது.

"அதுமேல ரப்பர் மூடி கீதா?"

"கீது."

"தூக்கு. இன்னா தெரியுது?"

ரப்பர் பிரியும் சத்தம் கேட்டது.

"வேலு."

"சந்தனம்," என்றான் வேலு.

ஆயுத பூஜைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இப்படி இரண்டு மூன்று வண்டிகளைச் செம்பியன் பார்ப்பான். டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. சிலர் பேட்டரிக்கும் வைப்பார்கள். வேலு அதற்கும் மேலே போயிருந்தான். கிளாம்ப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஈயக் கட்டையைத் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் அப்பி, அதன்மேலேயே கிளாம்ப்பை மாட்டியிருந்தான். ஒரு மாதத்தில் அது காய்ந்து, மழை ஈரத்தில் பூத்து, கட்டைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் ஒரு சுவராகிவிட்டது.

"ஒரு சொம்பு வெந்நியும் சோடா உப்பும் கொண்டாரச் சொல்லு."

வேலு சொன்னான். ஹரி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு. மொதல்ல கறுப்பக் கழட்டு. அப்பால சேப்பு. மாட்டறப்ப மொதல்ல சேப்பு. மாத்திடாத."

"ம்."

இரும்பு உரசும் சத்தம். மழை. பிறகு வேலு தாழ்ந்த குரலில் பேசினான். அம்மாளுக்குக் கேட்கக் கூடாது என்று பேசுவதுபோல.

"எல்லாத்துக்கும் வெச்சேன். ஒண்ணு உடாம. என் டாக்சில அந்த வருஷம் ரேடியேட்டருக்கு வெக்காம உட்டுட்டேன். சந்தனம் பத்தல. அப்பால வெக்கலாம்னு உட்டேன். வெக்கவே இல்ல."

செம்பியன் எதிரே இருந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு வருடமாக வேலு யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று அவனுக்குப் புரியவில்லை. அல்லது இதையும் சேர்த்தா.

"அது பொட்டு இல்ல, வேலு," என்றான். "நீ முள்ளு எறங்கிடுச்சுன்னு சரியாத்தான் சொன்னே. தண்ணி பாத்தியான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்குத் தெரியும், கேக்கல."

ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

"சேப்பு கழண்டுச்சு," என்றான் வேலு.

ஹரி திரும்பி வந்தான். வெந்நீர் ஊற்றும் சத்தம். செம்பியன் சொல்லச் சொல்ல வேலு துடைத்தான். உப்புத்தாள் இல்லை. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்துக் கட்டையைத் தேய்க்கச் சொன்னான். ஈயம் பளபளக்கும்வரை. இன்னொன்றும் தேய்க்கச் சொன்னான். கிளாம்ப்பின் உள்பக்கமும்.

"என்னதாங்க கோளாறு?" என்று ஹரி கேட்டது ஃபோனுக்குத் தெளிவாக வந்தது. பக்கத்தில் வந்து நிற்கிறான். கிளாம்ப் லூஸ் என்று வேலு சொல்லிவிடலாம். அதுவும் பொய்யாகாது.

"நாந்தான் சார்," என்றான் வேலு. "பூஜைக்கு இதுக்குள்ள சந்தனம் வெச்சிட்டேன். அதான் புடிச்சுக்கிச்சு."

"பேட்டரிக்குள்ளயா?" என்றான் ஹரி.

தள்ளி வாசலிலிருந்து ஒரு பெண் குரல், வயதான குரல், ஆனால் உறுதியானது. "ஏ ஹரி, அங்கன நின்னு என்ன விசாரணை? மணி என்ன ஆவுது. வேலு, மாட்டியாச்சுன்னா சீட்டத் திருப்பு."

"சேப்பு மொதல்ல," என்றான் செம்பியன்.

"தெரியும்."

ஸ்பேனர் இறுகும் சத்தம். பானெட் விழுந்தது. கதவு. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு இன்ஜின் ஓடியது. ஒரே இழுப்பில், தடுமாறாமல். செம்பியன் நன்றியையோ வேறெதையோ எதிர்பார்க்கவில்லை. லைன் அறுந்துவிடும் என்று காத்திருந்தான். அறுபடவில்லை. வேலு ஃபோனை அணைக்காமல் எங்கோ வைத்திருந்தான். சீட் வெளியே திரும்பும் மோட்டார் கேட்டது. வீல்சேரை மடிக்கும் சத்தம். "மெதுவா போ, தண்ணி நிக்கும்" என்றார் ஸ்வர்ணலதா. பிறகு வைப்பரின் சத்தம், இண்டிகேட்டரின் சத்தம், தேங்கிய தண்ணீரை டயர் கிழித்துப்போகும் சத்தம்.

ஜோதிலட்சுமி வந்து டீ வைத்தாள். அவன் கண்ணால் ஜாடை காட்டினான். அவள் பேசாமல் டம்ளரை அருகில் நகர்த்திவிட்டுப் போனாள்.

பத்து நிமிடம் இருக்கும்.

"முள்ளு நடுவுல கீது," என்றது வேலுவின் குரல்.

"ம்."

"யாரு வேலு?" என்று ஸ்வர்ணலதா கேட்டார்.

"வூட்டுக்காரியோட அண்ணன்மா. வண்டி பாக்கறவரு."

வைப்பர் நான்கைந்து முறை போய் வந்தது.

"நடுவுலதான் கீது," என்றான் வேலு மறுபடியும்.

"காலைல தண்ணி பாத்தியா?" என்று செம்பியன் கேட்டான்.

வேலு எங்கோ பிரேக் போட்டு, மறுபடியும் கிளம்பினான்.

"பாத்தேன்," என்றான். "தெனம் பாப்பேன். பாத்துட்டுத்தான் சாவியக் கையில எடுப்பேன்."

ஆறு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது லைன் அறுந்தது.

செம்பியன் சட்டையை மாட்டிக்கொண்டு மழைக்கோட்டைத் தேடினான்.

"அதான் ஓடிடுச்சே. எங்க கெளம்பிட்டே?" என்றாள் ஜோதிலட்சுமி.

"நான் தொட்டுப் பாக்கல."

அடையாறு போய்ச் சேர ஏழேகால் ஆனது. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மரத்தடியில் அந்தக் கார் நின்றது. வேலு உள்ளே உட்கார்ந்திருந்தான். பைக் வருவதைப் பார்த்தான். இறங்கி வரவில்லை. செம்பியன் பெட்டியைத் திறந்து ஸ்பேனரையும் துணியையும் எடுப்பதற்குள் பானெட்டின் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது.

வேலு குடையோடு இறங்கினான். பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். குடையைச் செம்பியன் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. பேட்டரிக்கு மேல் பிடித்தான்.

ஈயக் கட்டையில் தீப்பெட்டிக் கோடுகள் இருந்தன. ஓரத்தில் மஞ்சளாக ஒரு திட்டு மிச்சம். செம்பியன் அதைச் சுரண்டி எடுத்தான். நட்டை அரைச் சுற்று இறுக்கினான். சாவி திருப்பு என்று வாயால் சொல்லவில்லை. குடையை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டு, தலையால் சீட்டைக் காட்டினான். வேலு போய் ஸ்டார்ட் செய்தான். ஒரே இழுப்பு. அணைத்தான். மறுபடியும் செய்தான். மூன்றாவது முறையும்.

பிறகு இறங்கி வந்து அருகில் நின்றான். மழையில் இருவர் தோளும் நனைந்தன.

செம்பியன் சிவப்பு வயரின் கிளாம்ப்பில் விரலை வைத்தான். எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"ஜில்லுனு கீது," என்றான்.

வேலுவும் தொட்டுப் பார்த்தான்.